வயிறு கலங்குவது வேறு, ரத்தம் போவது வேறு

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவருக்கு வயது 32, வங்கி ஊழியர். நான்கு ஆண்டுகளாக வயிறு சரியில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் மூன்று தடவை கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறது. போய் வந்தால் வலி அடங்கும். மாலையில் வயிறு பானை போல் உப்பிக்கொள்ளும். சில நாள் பேதி, சில நாள் ஆட்டுப்புழுக்கை போல இறுகிப் போகும். விடுமுறையில் சொந்த ஊருக்குப் போனால் தொந்தரவு பாதியாகிவிடும். ரத்தம் போகவில்லை, எடை குறையவில்லை, தூக்கத்திலிருந்து வயிறு எழுப்புவதில்லை. ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு 'ஐ.பி.எஸ்.' என்றார். போன மாதம் உடன் வேலை பார்க்கும் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. தனக்கும் அதுதானோ, இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், 'அப்பாவுக்கு 63 வயது, மூலம் இருக்கிறது, இரண்டு மாதமாக ரத்தம் போகிறது, நாட்டு மருந்து சாப்பிடுகிறார், இது பரம்பரையாக வருமா?' என்றும் சேர்த்திருக்கிறார்.

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பொதுமருத்துவம் பார்த்து வருகிறேன். உங்கள் கேள்வியில் என் கண் நின்றது அந்தக் கடைசி வரியில்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் வயிறு.

ஐ.பி.எஸ். என்றால் நம் ஊரில் காவல்துறைதான் நினைவுக்கு வரும். இது 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' என்பதன் சுருக்கம். தமிழில் 'எரிச்சல் குடல் நோய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது இன்னும் குழப்பம். 'எனக்கு வயிற்றில் எரிச்சலே இல்லையே டாக்டர்' என்பார்கள். இது நெஞ்செரிச்சல் போன்ற எரிச்சல் இல்லை, சிடுசிடுப்பு. தொட்டாற்சிணுங்கிக் குடல் என்று நான் சொல்வது வழக்கம், உடனே புரிந்துகொள்கிறார்கள். சித்த மருத்துவம் கிராணி என்று சொன்ன கழிச்சல்களில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதற்கு 'அமீபியாசிஸ்' என்று பெயர். அமீபா இருக்கிறதா என்று பார்க்காமலே மெட்ரோனிடசோல் மாத்திரையை எழுதிக் கொடுப்போம். வாய் கசந்ததுதான் மிச்சம்; வயிறு அப்படியே இருக்கும்.

இந்த நோயில் குடலை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தெரியாது. குடலுக்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது. அதற்கும் மூளைக்கும் ஓயாத பேச்சுவார்த்தை நடக்கிறது. அந்தப் பேச்சில் ஒலி கூடிப்போனதுதான் ஐ.பி.எஸ். மலக்குடலில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்த பரிசோதனைகள் உண்டு: மற்றவர்களுக்கு லேசான அழுத்தமாகத் தெரியும் அளவிலேயே ஐ.பி.எஸ். உள்ளவருக்கு வலிக்கும். இருப்பது எல்லார் வயிற்றிலும் இருக்கும் அதே காற்றுதான். வேதனை மட்டும் அதிகம். சிலருக்கு ஒரு கடுமையான உணவு நச்சுக்குப் பிறகு இது தொடங்கும். 'அந்தக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் டாக்டர்' என்று தேதியோடு சொல்பவர்கள் உண்டு. அது கற்பனை இல்லை. குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ 10-ல் ஒருவருக்கு இப்படி நீடிக்கிறது.

காலையில் மட்டும் ஏன்? எழுந்ததும் பெருங்குடலும் விழிக்கிறது. இரைப்பைக்குள் எது போனாலும் 'கீழே இடம் விடு' என்று குடலுக்குத் தகவல் போகும். காபி அதை இன்னும் முடுக்கும். ஒன்பது மணிக்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்ற பதற்றம் மேலே ஒரு தட்டுத் தட்டும். தென்னிந்தியர்களில் வளர்ந்த பிறகு பாலைச் சரியாகச் செரிக்க முடியாதவர்களே பெரும்பாலோர். எனவே இரண்டு வாரம் பாலில்லாமல் இருந்து பார்த்தாலே சிலருக்குப் பாதி நோய் போய்விடும். அது ஐ.பி.எஸ். ஆகவே இருந்திருக்காது.

இந்த நோயை அடையாளம் காண, குடல் நிபுணர்கள் கூடி வகுத்து 2016-ல் வெளியான 'ரோம்' நான்காம் வரையறையைப் பின்பற்றுகிறோம். கடந்த மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, எத்தனை முறை போகிறது என்பது மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது இதற்கு அச்சு எடுத்தது போலப் பொருந்துகிறது. வலி இல்லாமல் ஐ.பி.எஸ். இல்லை என்பதையும் கவனியுங்கள். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் பேதியாகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

இணையத்தில் தேடுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'பெருங்குடல் புற்றின் அறிகுறிகள்' என்று போட்டால் வயிற்றுவலி, உப்புசம், பேதி, மலச்சிக்கல், முழுதாகப் போகாத உணர்வு என்று பட்டியல் வரும். ஐ.பி.எஸ். என்று போட்டாலும் ஏறக்குறைய அதே பட்டியல். குடலுக்குத் தெரிந்த மொழி அவ்வளவுதான். என்ன கெட்டாலும் அது வலிக்கும், கலங்கும், இறுகும், உப்பும். ஆகவே இவற்றை வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. ஐ.பி.எஸ்.ஸால் செய்யவே முடியாத காரியங்கள் சில உண்டு. அவை இருக்கின்றனவா என்றுதான் நான் முதலில் துருவிக் கேட்பேன்.

முதலாவது ரத்தம். தொட்டாற்சிணுங்கிக் குடலில் புண் இல்லை. புண் இல்லாமல் ரத்தம் எங்கிருந்து வரும்? வெள்ளைச் சளி போலச் சீதம் போகலாம், அது ஐ.பி.எஸ்.ஸில் சகஜம். சீதத்தோடு ரத்தம் சேர்ந்தால் கதை வேறு. மலம் கழித்த பிறகு சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்று சிவப்பாகப் போனால் பெரும்பாலும் மூலம். கண்ணாடித் துண்டால் கீறினாற்போல் வலித்து, கொஞ்சம் ரத்தம் வந்தால் ஆசனவாய் வெடிப்பு. மலத்தோடு கலந்து, கருஞ்சிவப்பாக, சளியோடு வந்தால் ரத்தம் இன்னும் மேலிருந்து வருகிறது. இந்த அடையாளங்கள் உதவும். ஆனால் இவற்றை மட்டும் நம்பி உட்கார முடியாது. மலக்குடல் வாய்க்கு அருகில் உள்ள புற்றும் பளிச்சென்ற சிவப்பாகவே கசியும். மூலம் உள்ளவருக்குப் புற்று வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. மூலம் அத்தனை பேருக்கு இருப்பதால் இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் அபூர்வம் இல்லை.

நம் பழக்கத்தில் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். காகிதத்தில் துடைப்பவர் கண்ணில் படும் முதல் சொட்டு நமக்குத் தண்ணீரோடு போய்விடுகிறது. அப்படியும் ஒரு நாள் சிவப்பைப் பார்த்துவிட்டால் 'உடம்புச் சூடு' என்று பெயர் சூட்டி, வெந்தயமும் மோரும் நல்லெண்ணெய்க் குளியலுமாக மாதங்கள் ஓடும். அதுவும் கேட்காவிட்டால் பேருந்து நிலையச் சுவரில் 'மூலம், பௌத்திரம்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும் விளம்பரம் கைகொடுக்கும். மோரின்மேல் எனக்குப் பகை இல்லை. ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் பார்த்த பிறகு அதைக் குடித்தால் போதும். முந்தைய நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதற்காகப் பதறி ஓடி வந்தவர்களும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். அதுவும் ரத்தம் இல்லை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ரத்தம். இதைப் புரிந்துகொள்ளக் குடலின் அமைப்பு தெரிய வேண்டும். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். வலது பக்கம் அகலமான பை போல இருக்கும், அங்கே மலம் கூழாகவே இருக்கும். இடது பக்கம் வர வரக் குறுகும், மலமும் இறுகும். இடது பக்கம் கட்டி வந்தால் பாதை அடைபடும்; மலப் போக்கு மாறும், வயிறு முறுக்கும், ரத்தம் கண்ணில் படும். வலது பக்கம் வந்தால் அகலமான இடத்தில் கூழ் தாராளமாக ஒதுங்கிப் போய்விடும். வலி இராது, மலம் வழக்கம்போல் போகும். கட்டி மட்டும் நாளெல்லாம் கசிந்துகொண்டிருக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். தினமும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி ரத்தம் கசிந்தால் போதும், வரவைவிடச் செலவு கூடிவிடும். மலத்தில் அந்தத் தேக்கரண்டி தெரியாது. ஆளை மெல்ல வெளுக்க வைக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 66 வயது, மருமகள் அழைத்து வந்தார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதயப் பரிசோதனைகள் எல்லாம் முடித்து, ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி வந்திருந்தார். ஓராண்டாக வேறோர் இடத்தில் கொடுத்த சத்து டானிக் குடிக்கிறார். 'வயிறு எப்படி இருக்கிறது சார்?' என்றேன். 'அதெல்லாம் மணி அடித்தாற்போல் போகும் டாக்டர், வயிற்றில் ஒரு குறையும் இல்லை' என்றார். கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை, சுண்ணாம்பு தடவியது போல் இருந்தது. படுக்கச் சொல்லி இடுப்பு வாரைத் தளர்த்தும்போது கவனித்தேன். வாரில் கடையில் போட்டுக் கொடுத்த ஐந்து துளைகளுக்கு உள்ளே தள்ளி, ஆணியால் குத்திய துளைகள் இரண்டு. 'இது எப்போது போட்டது?' என்றேன். 'ஒன்று தீபாவளிக்கு, ஒன்று போன மாதம்' என்று சிரித்தார். ஹீமோகுளோபின் 7.6. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரையைத் தொட்டிருந்தது. மலவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில், பெருங்குடல் தொடங்கும் வலது மூலையில் கட்டி இருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கவில்லை. இப்போதும் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வருகிறார்.

அவருக்கு வயிற்றில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. வயிற்றைப் பற்றி நாள் முழுக்கக் குறை சொல்பவருக்கு ஐ.பி.எஸ். இருப்பதும், வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவருக்குப் புற்று இருப்பதும் நான் மறுபடி மறுபடி காண்பது. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், வேறு தெளிவான காரணம் தெரியாதவரை, வாய் வழியாகவும் மலவாய் வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தே தீர வேண்டும். ஆணுக்கு 13-க்கும் பெண்ணுக்கு 12-க்கும் கீழே ஹீமோகுளோபின் இறங்கினால் ரத்தசோகை. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதனாலேயே அவர்களிடம் புற்று தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு.

மூன்றாவது, எடைக் குறைவு. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், முயற்சி செய்யாமல், உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் அதை மதிக்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ. 'முயற்சி செய்யாமல்' என்பதுதான் இதில் உயிர்நாடி. ஒரு பள்ளி ஆசிரியை, 29 வயது, மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட்டுகளோடு வந்தார். இரண்டு ஆண்டில் இரண்டு கொலோனோஸ்கோபி, இரண்டு சி.டி. ஸ்கேன், எல்லாம் சரியாக இருந்தன. எடை மட்டும் 8 கிலோ குறைந்திருக்கிறது, அதனால் நிச்சயம் புற்று என்கிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால், கோதுமை நிறுத்திவிட்டார், பால் நிறுத்திவிட்டார், பருப்பு, பழம், கிழங்கு, எண்ணெய் எல்லாம் நிறுத்தி, பயத்தில் ரசம் சாதத்திலேயே எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார். எடை குறையாமல் என்ன செய்யும்? மூன்றாவது கொலோனோஸ்கோபி கேட்டு வந்தவருக்கு நான் எழுதிக் கொடுத்தது சாப்பாட்டுச் சீட்டு. பரிசோதனை சரியாக இருந்தால் வரும் நிம்மதி அவருக்குச் சில வாரம்தான் நீடித்தது. அச்சத்துக்கு மருந்தாகக் குழாய் விட்டுக்கொண்டே இருந்தால் அதற்கு முடிவே கிடையாது.

இரவையும் கேட்பேன். ஐ.பி.எஸ். நீங்கள் தூங்கும்போது தானும் தூங்கும். படுக்கப் போகும்வரை பாடாய்ப் படுத்தும், தூக்கம் வராமலும் செய்யும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு ஓட விடுவது அதன் வழக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்குப் பேதி எழுப்புகிறது என்றால் குடல் அழற்சி நோய்களையும், நம் நாட்டில் குடல் காசநோயையும் நான் முதலில் நினைப்பேன். புற்றும் அந்த வரிசையில் உண்டு. காய்ச்சலும் இரவு வியர்வையும் சேர்ந்தால் குடல் காசநோயின் மேல் சந்தேகம் இன்னும் கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் நம்புவது வயதையும் மாற்றத்தையும். ஐ.பி.எஸ். பெரும்பாலும் இளமையில் வருவது. பள்ளித் தேர்வு நாளிலிருந்தே வயிறு கலங்கும் என்பார்கள். வாழ்நாளெல்லாம் வயிறு ஒழுங்காக இருந்த ஒருவர் 50 தாண்டிய பிறகு முதல்முறையாக 'மலம் போவது மாறிவிட்டது' என்று வந்து, அது சில வாரங்கள் தாண்டியும் சரியாகவில்லை என்றால், அதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர் வைக்கும் மருத்துவரிடம் மறுபடி ஒரு முறை கேளுங்கள். பெண்களுக்கு இதில் இன்னொரு எச்சரிக்கை: 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் உப்புசமும் வயிற்றுப் பொருமலும் சினைப்பைப் புற்றாகவும் இருக்கலாம், அதற்கான ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்யாமல் வாயுத் தொல்லை என்று அனுப்பக் கூடாது.

நீண்டகால ஐ.பி.எஸ். உள்ளவருக்கும் இந்த விதி பொருந்தும். ஐ.பி.எஸ். புற்றாக மாறுவதில்லை. ஆனால் அது காப்பும் இல்லை. மற்ற எவருக்கும் வருவதுபோல் அவர்களுக்கும் பின்னாளில் புற்று வரலாம். உங்கள் வயிற்றின் குணம் உங்களுக்குத் தெரியும். மாறி மாறிப் போகும், பதற்றத்தில் கூடும், ஊருக்குப் போனால் குறையும். என்றாவது அந்தக் குணம் மாறி, நாளுக்கு நாள் ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் அப்போது வாருங்கள். ஐ.பி.எஸ். அலைபோல ஏறி இறங்கும். புற்று தானாக இறங்குவதில்லை. மலம் பென்சில் போல மெலிந்து போவதைப் பற்றி இணையத்தில் பெரும் பீதி இருக்கிறது. குடல் இறுக்கத்தில் ஐ.பி.எஸ்.ஸிலும் சில நாள் அப்படிப் போகும். வாரக்கணக்கில் ஒரு நாளும் தவறாமல் அப்படியே போனால்தான் கவலை.

இளம் வயதிலும் பெருங்குடல் புற்று வருகிறதே என்பீர்கள். உண்மை. ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு 2016-ல் மூன்றாம் கட்டத்தில் தெரிந்தது. 2020 ஆகஸ்டில், 43 வயதில் இறந்தார். பல நாடுகளில் 50-க்குக் கீழுள்ளவர்களிடம் இது கூடி வருவதால் அமெரிக்காவில் 2021-ல் பொதுப் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். 50 வயதுக்குள் பெருங்குடல் புற்று வந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து அங்கே 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்டறிவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுக்கு முன்பே எட்டிப் பார்த்த அறிகுறிகள் நான்கு: வயிற்றுவலி, பேதி, மலவாயில் ரத்தம், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை. முதல் இரண்டும் ஐ.பி.எஸ்.ஸிலும் உண்டு. பின்னிரண்டும் இல்லை. இளைஞர் என்பதற்காக அந்தப் பின்னிரண்டையும் தள்ளிவிடக் கூடாது. நம் நாட்டின் தேசியத் திட்டத்தில் பொதுப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்குத்தான். பெருங்குடல் அதில் இல்லை. ஆகவே அறிகுறியை மதிப்பது ஒன்றே நமக்கு வழி.

உங்களுக்கு ரத்தம் இல்லை, எடை குறையவில்லை, இரவில் எழுப்புவதில்லை, நான்கு ஆண்டாக ஒரே குணம். இப்போதைக்கு உங்களுக்குக் கொலோனோஸ்கோபி எழுத மாட்டேன். ஒரு முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு, மலத்தில் கால்புரோடெக்டின் ஆகியவை போதும். கால்புரோடெக்டின் குடலில் அழற்சி இருந்தால் ஏறும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் குடல் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் ஃபிட் என்ற பரிசோதனையும் இருக்கிறது. மனித ரத்தத்தை மட்டும் காட்டுவதால் இதற்குப் பத்தியம் வேண்டாம். பழைய வகைப் பரிசோதனையில் முந்தைய நாள் சாப்பிட்ட ஆட்டுக்கறியும் முள்ளங்கியும்கூடக் கணக்கைக் குழப்பும். ஆய்வகத்தில் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நீங்களாகச் செய்துகொள்ளாதீர்கள்: 'முழு உடல் பரிசோதனை'ப் பொட்டலங்களில் சேர்த்துத் தரும் சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. அது புற்று இருப்பது தெரிந்த பிறகு சிகிச்சையைக் கண்காணிக்கத்தான். புகை பிடித்தாலே அது கொஞ்சம் ஏறும்; ஆரம்பப் புற்றில் ஏறாமலும் இருக்கும். இரண்டு வகையிலும் ஏமாற்றும்.

உங்கள் வைத்தியம் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வாரம் பாலை விட்டுப் பாருங்கள். பிறகு வெங்காயமும் பூண்டும் குறைத்துப் பாருங்கள். சாம்பாரில் கொட்டும் சின்ன வெங்காயம் பலருக்கு எதிரி, ஆனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அரிசிச் சோறு நல்லது. இசப்கோல் உமியைச் சிறு அளவில் தொடங்கித் தண்ணீர் தாராளமாகக் குடித்தால் பேதி, சிக்கல் இரண்டுக்கும் உதவும். குடல் பிடிப்புக்கு மெபெவெரின் போன்ற மாத்திரைகள் உண்டு. அவை போதாவிட்டால் அமிட்ரிப்டிலின் மிகக் குறைந்த அளவில் தருவோம். மனநோய் மாத்திரை தந்துவிட்டார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சிறு அளவில் அது குடல் நரம்பின் ஒலியைக் குறைக்கிறது.

இனி அப்பா.

63 வயது, இரண்டு மாத ரத்தம், இதுவரை யாரும் உள்ளே பார்க்கவில்லை. மூலம் என்று யார் சொன்னது? பெரும்பாலும் அவரே சொல்லியிருப்பார். அப்பாவிடம் மலத்தைப் பற்றிக் கேட்பது நம் வீடுகளில் எவ்வளவு கூச்சமான காரியம் என்று எனக்குத் தெரியும். நேராகக் கேட்க வராவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள்; வேட்டி துவைப்பவருக்குத் தெரியும். ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா, தனியாகச் சொட்டுகிறதா? முன்பு ஒரு முறை போனவர் இப்போது ஐந்தாறு முறை போய், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சளியும் ரத்தமும் மட்டும் வருகிறதா? மேலே சொன்ன இடுப்பு வாரையும் பாருங்கள். பதில் என்னவாக இருந்தாலும் இந்த வாரமே ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடமோ குடல் மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். அவர் முதலில் செய்ய வேண்டியது கையுறை அணிந்த விரலால் ஆசனவாய்க்குள் தொட்டுப் பார்ப்பது. அரை நிமிட வேலை, செலவு இல்லை. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டி விரலுக்கே தட்டுப்படும். இதைச் செய்யாமல் மூலத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தால், 'தொட்டுப் பார்க்க வேண்டாமா டாக்டர்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். அதில் மூலமே தெரிந்தாலும் அந்த வயதில் கொலோனோஸ்கோபி வேண்டும் என்பது என் கருத்து. ரத்தம் கண்ணுக்கே தெரியும்போது மலப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க மாட்டேன்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, 40 வயதைக் கடந்து மலவாய் ரத்தத்தோடு வந்தவர்களில் புற்று இருந்தது 100-ல் இரண்டு மூன்று பேருக்குத்தான். எடைக் குறைவோ ரத்தசோகையோ சேர்ந்தால் அந்த எண் ஏறும். அப்பாவுக்கும் வெறும் மூலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இந்தப் புற்று பாலிப் என்ற சின்னஞ்சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கிக் கட்டியாவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுபோல எடுத்துக்கொள்வது. பாலிப்பாக இருந்தால் கொலோனோஸ்கோபி செய்யும்போதே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிடலாம். குடலுக்குள்ளேயே இருக்கும் நிலையில் பிடித்தால் ஐந்தாண்டுக்குப் பிறகு 10-ல் 9 பேர் நலமாக இருக்கிறார்கள். கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பிறகு 10-ல் இரண்டு பேர்கூட இல்லை. இவை அமெரிக்கக் கணக்குகள். மருந்துச் செலவைப் பற்றி யோசித்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குடல் துறையில் கேளுங்கள்.

நிறைய ரத்தம் போய்த் தலை சுற்றினாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, வயிறு உப்பி வாயுவும் பிரியாமல் வாந்தி எடுத்தாலோ வாரக் கணக்கு வேண்டாம், அன்றே மருத்துவமனை.

பரம்பரை பற்றிக் கேட்டீர்கள். மூலத்திலிருந்து புற்று வராது. அப்பாவின் மூலம் உங்களுக்குப் புற்றாகவும் வராது. ஒருவேளை அவருக்குப் புற்று என்றே தெரிந்தால், உங்களுக்கு 40 வயதிலிருந்து பரிசோதனை தொடங்க வேண்டும், இப்போதே இல்லை. வீட்டில் 50 வயதுக்குள் இந்த நோய் வந்தவர், கருப்பைப் புற்று வந்தவர் என்று வேறு யாரும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; கணக்கு மாறும்.

கொலோனோஸ்கோபிக்கு நாள் குறித்துவிட்டால் அப்பா இரும்பு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று பார்த்து, ஒரு வாரம் முன்பே நிறுத்துவதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு நாள் கீரையும் கொய்யாவும் தக்காளியும் வேண்டாம். விதைகள் கேமராவின் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். பேதிப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். உப்புக் கரிக்கும், பாதியில் போதும் என்பார். குளிர வைத்துக் கொடுத்தால் கொஞ்சம் இறங்கும். நடுநடுவே இளநீரும் வடிகட்டிய ரசமும் கொடுக்கலாம். அவரைத் தனியாகக் குடிக்க விட்டுவிடாமல் பக்கத்தில் உட்காருங்கள்; இரவில் கழிப்பறைக்கு வழியில் விளக்கு எரியட்டும். கடைசியில் போவது கசடு இல்லாமல், தெளிந்த மஞ்சள் நீராக இருந்தால் குடல் தயார். மயக்கம் தந்துதான் பெரும்பாலும் செய்வார்கள், அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். வெளியே வந்ததும் பசி என்பார். பாலிப் ஏதும் எடுக்கவில்லை என்று மருத்துவர் சொன்னால் வாசலிலேயே இரண்டு இட்லி வாங்கிக் கொடுக்கலாம்.